கைக்குட்டையின் மறுமுனை

— பிடிண்ணே இந்த முனையை. ஊர்வலம் நகர ஆரம்பிச்சாச்சு.

— வேற ஆளே கிடைக்கலையாடா உனக்கு? பம்பாயில இருக்கற பார்சிங்க பூரா இங்கதானே வெள்ளை அங்கி மாட்டிக்கிட்டு நிக்கறாங்க.

— அத்தனை பேரும் ஜோடி சேந்தாச்சு. கடைசியா வந்தவன் நீ. மிச்சம் இருந்தவன் நான்.

— நல்ல மிச்சம்.

— கைக்குட்டையைப் பிடிக்காம ஒத்தையா நடந்தா சவத்துக்குப் பின்னால விடமாட்டாங்க. இஷ்டமில்லைன்னா திரும்பிப் போ. தாராஷா சேட் முகத்தைப் பாக்காமலே போ.

— கொண்டா இங்க. இதென்ன, பட்டா? சாவுக்குக்கூட உனக்குப் பட்டு.

— பருத்திண்ணே. நம்ம மில் துணி. விரலால தடவிப் பாரு.

— அட, ஆமா. நாப்பதாம் நம்பர் நூல். என் இன்ஜின் ஓட்டின துணி. உன் சட்டைப் பையில இருந்ததும் பட்டு மாதிரி ஆயிடுச்சு போல.

— உஸ்ஸ்ஸ்! முன்னால போறவங்க வாயைக் கட்டுங்கப்பா. பிணத்துக்குப் பின்னால என்ன பேச்சு?

— யாரது பின்னால? பார்சி பஞ்சாயத்து ஆபீஸ் பல்லோன்ஜி மாமாவா?

— நானேதான். என் ஜோடி பிராம்ரோஸுக்குக் காது டமாரம். அவன் பிழைச்சான், எனக்குக் கேக்குதே! ஆறு வருஷமா ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்காத அண்ணனும் தம்பியும் இன்னிக்குத்தான் பேசித் தீக்கணுமா? எதல்ஜி, நீ கோர்ட்டுல பேசறவன், முனிசிபாலிட்டியில பேசறவன், உனக்கா நான் சொல்லணும்? பர்ஜோர், நீ மில் இன்ஜின் பக்கத்துல நின்னு கத்தியே பழகினவன். ரகசியம் பேசறதா நினைச்சுக்கிட்டுக் கிர்காம் முழுக்கக் கேக்கற மாதிரி பேசறே.

— சரி மாமா. மெதுவாப் பேசறோம்.

— மெதுவாவும் வேணாம். வாயே வேணாம்.

— …ஏண்ணே இவ்வளவு நேரம்? வீட்டுல பிரார்த்தனை முடிஞ்சு, வழக்கப்படி நாயைக் கொண்டுவந்து சேட் முகத்தைக் காட்டி, பாடையையும் தூக்கியாச்சு. எல்லாரும் உன்னையே கேட்டாங்க.

— பாத்தியா, நாய்க்குக்கூட சேட் முகம் கிடைச்சுது. எனக்குக் கிடைக்கலை.

— அதான் ஏன்னு கேக்கறேன்.

— வக்கீல் கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும். சேட்டுக்கு மரியாதையா இன்னிக்கு மில்லை நிறுத்தணும்னு காகிதம் ஒட்டிட்டு ஆபீஸ்காரங்க எல்லாம் எட்டு மணிக்கே கிளம்பிட்டீங்க. காகிதம் ஒட்டினா மில்லு நின்னுடுமா? ஆவியை இறக்கணும். பெரிய சக்கரம் நிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். உலையில நெருப்பு கிடக்கு. கூட இருக்கற மராத்திக்காரன் வாளியில தண்ணியைத் தூக்கிட்டு ஓடி வந்தான், ஊத்திட்டுப் போலாம் பாவான்னு. தீயில தண்ணி ஊத்தற சாதியாடா நாம? அதுவும் சேட் செத்த அன்னிக்கு! போடா அந்தப் பக்கம்னேன். அதுவா அடங்கற வரைக்கும் உக்காந்திருந்தேன். மரியாதை உங்களுது, காவல் என்னுது.

— வேற யாரையாவது உக்கார வச்சுட்டு வந்திருக்கலாமே.

— வேற யாரு? பார்சின்னா கோட்டு போட்டவன், குதிரை வண்டியில போறவன்னு ஊரே நினைக்குது. பரேலுக்கு வந்து பாரு. ரெண்டு ரூம்ல ஏழு பேர் படுத்துக்கிட்டு ஷிப்டுக்குப் போற பார்சி எத்தனை பேர்னு தெரியும். அவனுங்களும் இந்த வரிசையிலதான் நடக்கறானுங்க, கடைசியில. இந்த அங்கி யாருதுன்னு நினைக்கறே? எதிர்வீட்டுக் கிழவனோடது. கக்கத்துல பிடிக்குது.

— எங்கிட்ட சொல்லியிருந்தா…

— உன் பழசைக் குடுத்திருப்பே. நான் கேக்கலை.

— நான் அப்படிச் சொல்ல வரலைண்ணே.

— அப்புறம், மாமா சொன்னதும் தப்பு. ஆறு வருஷம் இல்லை, ஏழு. உன் பொண்ணுக்குப் புனித நூல் கட்டின நவ்ஜோத் விருந்து நடந்து ஏழு வருஷம் ஆச்சு.

— இன்னும் அதை மறக்கலையா நீ?

— எப்படி மறக்கும்? முதல் பந்தியில சேட், வெள்ளைக்கார ஜட்ஜு, மில் முதலாளிங்க. ரெண்டாம் பந்தியில உன் மாமனார் வீட்டு ஆளுங்க, கோர்ட்டு ஆளுங்க. கூடப் பிறந்தவனுக்கு மூணாம் பந்தி, வண்டிக்காரங்களோட. இலையில சுத்தின மீன் பிரமாதம்னு ஊரெல்லாம் பேச்சு. எனக்கு இலை வந்துச்சு. மீன் வரலை.

— முதல் பந்தியில உனக்கும் அண்ணிக்கும் இடம் போட்டு வச்சிருந்தேன். சேட்டுக்கு வலது பக்கம். ஒரு மணி நேரம் காலியாவே கிடந்துச்சு. நீதான் வரலை.

— ஷிப்டு விடாம எப்படி வருவேன்? என் ஷிப்டு எத்தனை மணிக்கு முடியும்னு உனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணியிருந்தா ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருப்பே.

— …அது சரிதான். அது என் தப்பு.

— ஏழு வருஷம் கழிச்சு, சவத்தை வைக்கற கோபுரத்துக்குப் போற வழியில சொல்றான்யா.

— உஸ்ஸ்! நாற்சந்தியில ஜனம் நிக்குது. வாயசைச்சா தெரியும்ப்பா. முகத்தைக் கொஞ்சம் துக்கமா வச்சுக்குங்க.

— மாமா, அங்க தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிக்கறாரே, அவர் கவர்னர் மாளிகை ஆளு. வீட்டு வாசல்லயும் நின்னார்.

— நிக்கட்டும். வேற சாதிக்காரன் வாசலோட சரி. கவர்னரே வந்தாலும் இந்த வரிசையில ஒரு முனை கிடையாது.

— கேட்டியாடா? உனக்குத்தான் வருத்தமா இருக்கும். கவர்னர் ஆளோட ஜோடி போட்டு நடந்திருக்கலாம்.

— எதுக்கெடுத்தாலும் குத்தணுமா? சொல்லப்போனா, என்னோட நடக்க ரெண்டு பேர் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் சர் பட்டம் வாங்கினவங்க. என் அண்ணன் வரணும், அவனோட நடப்பேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— பொய்.

— பல்லோன்ஜி மாமாவைக் கேளு.

— நிஜந்தான் பர்ஜோர். கேட்டுல முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னான், கைக்குட்டையைக் கையில வச்சுக்கிட்டு. போதுமா? இனிமே பேசாதீங்க.

— என்னண்ணே, முனையைப் பிடிச்சுப் பின்னால இழுக்கறே?

— மேடு ஏறுதுடா. மூச்சு வாங்குது.

— மெதுவா நட. நானும் மெதுவாவே வரேன்.

— நீ குன்று மேல வீடு கட்டினவன், தினம் ஏறுவே. ஏறுவே என்ன, குதிரை ஏறும். கேட்டுக்கோ எதல், உன் வீடு, வண்டி, குதிரை, கண்ணாடி பீரோ, அதுல வச்ச சீனத்துப் பீங்கான், அது எதைப் பாத்தும் எனக்கு வயிறெரிஞ்சதில்லை. சத்தியமா இல்லை.

— அப்ப எதைப் பாத்து?

— நீ வாயைத் திறந்தா வெள்ளைக்காரன் பேனாவைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து உக்கார்றானே, அது. டவுன்ஹால் மாடியில நின்னு ஒரு தடவை பாத்தேன். உனக்குத் தெரியாது. சேட் அந்தத் துணி வரியைப் பத்திப் பேசின அன்னிக்கு.

— நீ வந்திருந்தியா?

— வந்தேன். மான்செஸ்டர்காரன் துணி இங்க விக்கணுங்கறதுக்காக நம்ம மில் துணிக்கு நம்ம நாட்டுலயே வரி போடறானே, அதை சேட் கிழிச்ச கிழி! பேச்சு அவர் வாயிலேருந்து வந்துச்சு, எழுதினது நீ. பக்கத்துல நின்னவன் சொன்னான், 'எதல்ஜிதான் தாராஷா சேட்டோட நாக்கு'ன்னு. நான் கீழ இறங்கிட்டேன். வெளியில வந்து ஒரு மணி நேரம் டிராம் கம்பியைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

— அந்தப் பேச்சுல வந்ததெல்லாம் உன் சரக்குண்ணே. ஒரு தறி நாளைக்கு எத்தனை கஜம் ஓடுது, வரி ஏறினா எத்தனை தறி நிக்கும், எத்தனை பேர் வீட்டுக்குப் போவான், எல்லாம் ஞாயித்துக்கிழமை உங்கிட்ட கேட்டு வந்து எங்கிட்ட சொல்லுவார். 'இதை இங்கிலீஷ்ல போடு'ம்பார். அவ்வளவுதான் என் வேலை. உன் பேச்சை இங்கிலீஷ்ல போட்டேன்.

— எவனும் அப்படிச் சொல்லலையே.

— ஊருக்குத் தெரியாது.

— அவர் பலே ஆளுதான். காலையில காங்கிரஸ் பந்தல், சாயங்காலம் கவர்னர் தோட்டத்துல தேத்தண்ணி. வங்காளத்துக்காரன் அந்நியத் துணியைக் கொளுத்தினா இங்க மூணாம் ஷிப்டு போட்டு வேட்டி அனுப்புவார். ராஜா பிறந்த நாளைக்கு மில் வாசல்ல விளக்கும் போடுவார். ஏன் சேட், ரெண்டு படகுல கால் வச்சா விழுந்துடமாட்டீங்களான்னு கேட்டேன். 'தீக்ரா, கப்பலுக்குக் கரி போட்டுப் பிழைச்சவன் நான். கரையில ஒரு கால், படகுல ஒரு கால் வச்சாத்தான் கூடையைக் கைமாத்த முடியும்'னார்.

— தீக்ரா…

— என்ன?

— மகனேன்னு கூப்பிட்டார் உன்னை. எப்பவுமா?

— எப்பவும்தான். ஏன்?

— என்னை 'மிஸ்டர் எதல்ஜி'ம்பார். முப்பத்தஞ்சு வருஷம். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே மிஸ்டர்.

— மரியாதைடா அது.

— மரியாதையை யார் கேட்டா? எங்க வீட்டுக்கு வந்தா நாற்காலி நுனியில உக்காருவார். கடிகாரத்தைப் பாப்பார். ஞாயித்துக்கிழமையானா வண்டியைத் திருப்பிக்கிட்டு இன்ஜின் ரூமுக்கு ஓடிடுவார். கவுத்துப் போட்ட பெட்டி மேல உக்காந்து, குல்னார் அண்ணி செஞ்ச முட்டைப் பொரியலைத் தூக்குலேருந்தே வழிச்சுத் தின்பார்னு வண்டிக்காரன் வந்து சொல்லுவான். எங்க வீட்டுச் சமையக்காரனை அதே மாதிரி செய்யச் சொன்னேன். ஒரு வாய் வச்சுட்டு, 'நல்லாருக்கு மிஸ்டர் எதல்ஜி'ன்னு தட்டைத் தள்ளிட்டார்.

— காஞ்ச மிளகாயைக் கிள்ளிப் போட்டிருப்பான் உன் ஆளு. பச்சை மிளகாய் போடணும்.

— உனக்குக் கை வெந்துபோச்சே, பாய்லர் வெடிச்சப்ப. பதினெட்டு நாள் தினம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதே வருஷம் எனக்கு டைபாய்டு. பழக்கூடை அனுப்பினார்.

— எதல், நீயா இதெல்லாம் நினைச்சுக்கிட்டிருக்கே?

— உனக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா எரியறதுக்கு?

— அட கடவுளே, பிராம்ரோஸ், நீ கொடுத்து வச்சவன்யா, உனக்கு ஒண்ணும் கேக்கலை! சேட் அங்க இரும்புப் பாடையில போறார். இங்க ரெண்டு பேரும் அவர் தின்ன முட்டையைப் பங்கு போடறாங்க.

— மன்னிச்சுக்குங்க மாமா.

— வெந்த கைன்னியே, அப்ப உடைஞ்ச பாகத்தை அளந்து வரைஞ்சு மான்செஸ்டர் இன்ஜின் கம்பெனிக்கு அனுப்பினேன் பாரு, இடது கையாலதான் வரைஞ்சேன். அவன் திருப்பி எழுதினான், எந்த இன்ஜினியர் வரைஞ்சதுன்னு. சேட் அந்தக் கடுதாசியைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். எனக்கு அது சின்ன வயசுலேருந்தே வரும்டா. மஸ்கான் கரித்துறை ஷெட்டு ஞாபகம் இருக்கா? சுவர் பூரா கரியால வரைஞ்சு வச்சிருந்தேன். கப்பல், பாய்மரம், கயிறு, சங்கிலி. கப்பல் முதுகுல இருக்கற இங்கிலீஷ் எழுத்தைக்கூடப் பாத்துப் பாத்து எழுதுவேன். என்ன எழுத்துன்னே தெரியாது. மழை வந்துச்சு, சுவரும் போச்சு, கப்பலும் போச்சு. என்னடா, ஞாபகம் இல்லையா?

— இருக்கு.

— அப்ப ஒண்ணு கேக்கறேன். இந்த மலை மேல போய்ச் சேர்றதுக்குள்ள பதில் சொல்லு. இனிமே அவரைக் கேக்க முடியாது. அப்பன் செத்து, அம்மா நம்மளை நவ்சாரியிலேருந்து கூட்டிட்டு வந்த வருஷம். எனக்குப் பதினொண்ணு, உனக்கு ஒன்பது. விடிஞ்சதுலேருந்து கூடை சுமந்து ரெண்டு பேரும் ஒரே கறுப்பு. அம்மாவே குரலை வச்சுத்தான் ஆள் கண்டுபிடிப்பா. அப்ப தாராஷா சர்ரும் இல்லை, ஒண்ணும் இல்லை. சாதாரணக் கரி சேட். நான் ஒரு கூடையைப் படகுல கொட்டிட்டுத் திரும்பி வரேன், உன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நிக்கறார். 'இவன் நாளையிலேருந்து பள்ளிக்கூடம் போறான்'ங்கறார். ஒரே ஒரு கூடை கொட்டற நேரம்டா! அதுக்குள்ள உங்கிட்ட என்னத்தைக் கண்டார்?

— சின்னவன்னு இருக்கும்.

— உன்னைவிடச் சின்னதா நாலு நண்டு அங்க திரிஞ்சுது.

— சுமை தூக்க லாயக்கில்லாத உடம்புன்னு இருக்கும்.

— முப்பத்தஞ்சு வருஷமா இதே ரெண்டு பதில். அன்னிக்கு ராத்திரி அம்மா என் தலையைத் தடவி, 'அடுத்த வருஷம் உன்னையும் சேக்கச் சொல்றேன் பர்ஜோர்'னா. அடுத்த வருஷம் என்னை மில்லுல சேத்தாங்க. நீ சிலேட்டைத் தூக்கிட்டுப் போவே, நான் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிட்டுப் போவேன், ஒரே சந்துல. முனை வரைக்கும் ஒண்ணாப் போவோம், அப்புறம் நீ வலது பக்கம், நான் இடது பக்கம். அந்த முனையில நின்னு தினம் யோசிப்பேன்: அந்த விரல் ஏன் உன் மேல நீண்டுது?

— படி வந்துடுச்சு. பாத்துக் கால் வை.

— பேச்சை மாத்து.

— எதல்ஜி, பர்ஜோர், படியில கைக்குட்டை தொங்கக் கூடாது, கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. நாலாம் நாள் விடியக்காலம் எல்லார் முன்னாலயும் நிக்கப்போற குடும்பம். பாக்கறவன் என்ன சொல்லுவான்?

— நாலாம் நாள் நிக்கப்போறது இவன்தானே மாமா. எனக்கென்ன?

— எவன் நின்னா என்ன, நடக்கற நடை ஒழுங்கா இருக்கணும்.

— சேட்டுக்குப் பிள்ளை இல்லை. நாலாம் நாள் தத்துப் பிள்ளை பேரைப் படிப்பாங்க. மில் நிர்வாகம், பஞ்சாயத்து நாற்காலி, வருஷா வருஷம் அவர் பேருக்குப் பிரார்த்தனை, எல்லாம் அந்தப் பேருக்கு. 'எதல்ஜி தாராஷா'. நல்லாத்தான் இருக்கு. ஏற்கெனவே உன் வாசல்ல பலகையில எழுதி வச்சிருப்பே.

— எழுதலைண்ணே.

— எழுதிக்கோ. இல்லை… கொஞ்சம் பொறுத்து எழுதிக்கோ. ஏதோ காகிதம் பஞ்சாயத்து ஆபீஸ்ல மூடி வச்சிருக்காங்களாமே. அதுல என்ன இருக்கோ.

— என்ன இருக்கும்னு நினைக்கறே?

— எனக்கெப்படித் தெரியும்! பழைய காகிதம்தானே மாமா அது?

— பழசு கிழிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு ஆள் விட்டார் சேட். மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு, ஆனா புத்தி சவரக்கத்தி மாதிரி. மாத்தி எழுதினோம். சாட்சிக் கையெழுத்து நானும் டாக்டரும். என் நாக்கை இழுத்து வச்சு அறுத்தாலும் பேரைச் சொல்லமாட்டேன். என் உத்தியோகம் அப்படி.

— யார் உங்களைச் சொல்லச் சொன்னா?

— நான் சொல்லலை. ஆனா பர்ஜோர், மரியாதையா ஒரு புதுத் தலைப்பாகை வாங்கிக்கோ. நல்ல அங்கி ஒண்ணு தச்சுக்கோ. நாலாம் நாள் இந்த எதிர்வீட்டு அங்கி சரிப்படாது.

— என்ன சொல்றீங்க?

— தலைப்பாகைன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. உஸ்ஸ்.

— எதல், இந்த மனுஷன் என்ன உளர்றான்?

— உளறலை. உன் பேர்தான்.

— என் பேரா?

— 'பர்ஜோர் தாராஷா'. நிக்காதே, பின்னால இடிக்கறாங்க. நட.

— அப்ப நம்ம அப்பன்? ஜீவன்ஜி?

— அவருக்கு இனிமே நான் ஒருத்தன்தான் பிள்ளை.

— அதையும் நீயே எடுத்துக்கிட்டியா!

— எதையாவது ஒண்ணை எடுத்துக்கோண்ணே. ரெண்டு அப்பன் ஒருத்தனுக்குக் குடுக்கமாட்டாங்க.

— உனக்கு எப்படித் தெரியும் என் பேர்னு? மாமா இப்பத்தானே வாயை விட்டார்.

— எழுதினது நான்தான். சேட் சொன்னார், என் பேர் இருந்த காகிதத்தை என் கையாலயே கிழிச்சேன். புதுக் காகிதத்துல உன் பேரை எழுதினேன். எழுத்துப் பிழை இல்லையேன்னு திருப்பிப் படிச்சும் காட்டினேன்.

— …காரணம் சொன்னாரா?

— வாயால சொல்லலை. என் முகத்தைப் பாக்கலை. அப்புறம் ரெண்டு நாள் என்னை ரூமுக்குள்ள விடலை. கதவுக்கு வெளியில உக்காந்திருந்தேன். மூச்சு நின்ன சத்தம் வெளியிலேருந்துதான் கேட்டேன்.

— எதல்…

— சொல்லு.

— நான் அப்படி நினைச்சுச் சொல்லலைடா.

— மெதுவா. முன்னால போறவங்களுக்குக் கேக்கும்.

— ஞாயித்துக்கிழமை காலையில போனேன். அவரால வர முடியலைன்னு முட்டைப் பொரியலை நானே தூக்கிட்டுப் போனேன். ரெண்டு வாய் தின்னார். அப்புறம் கேட்டார், 'தீக்ரா, எதல்ஜி பேரை எழுதியிருக்கேன். உனக்குச் சம்மதம்தானே? உன் சம்மதம் இல்லாம எனக்கு நிம்மதி வராது'ன்னார். சம்மதம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேற வந்துச்சு.

— என்ன வந்துச்சு?

— நீ போய்க் கவர்னரோட காரியதரிசியைப் பாத்தேன்னு. கிழவன் கண்ணை மூடினதும் துணி வரியைப் பத்தி வாயைத் திறக்கமாட்டேன், எனக்கு அவர் சட்டசபை நாற்காலியும் ஒரு பட்டமும் குடுங்கன்னு பேரம் பேசினேன்னு. எவனும் எங்கிட்ட அப்படிச் சொல்லலை. நானே ஜோடிச்சேன். தறி ஓடற மாதிரி ஓடுச்சுடா, ஒரு நூல் அறுந்து போகலை. அவர் தூக்கைத் தள்ளி வச்சுட்டார். மிச்சத்தைத் தின்னலை.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— பக்கத்து ரூம்ல அவர் கடுதாசியெல்லாம் அடுக்கிக்கிட்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. நீ மெதுவாப் பேசறதா நினைச்சுக்கிட்டே.

— கேட்டுக்கிட்டா இருந்தே? கேட்டுட்டுச் சும்மாவா இருந்தே? உள்ள வந்து பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னையா நம்புவார், உன்னையா?

— என்னைத்தான் நம்பியிருப்பார். உன்னை அதுக்கப்புறம் தீக்ரான்னு கூப்பிட்டிருக்கமாட்டார்.

— அதுக்காக, அவர் இத்தனை வருஷம் கட்டிக் காத்த வரிச் சண்டையை நீ வித்துட்டேன்னு நினைச்சுக்கிட்டே சாகட்டும்னு விட்டுட்டியா?

— விட்டுட்டேன்.

— ஏன்டா? ஏன்? பெரிய மகானாடா நீ? இதுலயும் எனக்கு மேல போய் உக்காந்துக்கிட்டே பாரு! நான் திருடினவன், நீ தியாகி. கேட்டுல முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னதும் இதுக்குத்தானா? நான் உன்னைக் கொன்னதுகூட எனக்குச் சொந்தமில்லை, அதுவும் நீ குடுத்த பிச்சை!

— பர்ஜோர், போதும்ப்பா. வந்துட்டோம். கல் மேடையில இறக்கிட்டாங்க. முகத்தைத் திறக்கறாங்க. போய்க் கும்பிட்டுட்டு வாங்க. கைக்குட்டையை விடாம, ரெண்டு பேருமா.

— நான் பாக்கமாட்டேன்.

— பாருண்ணே. அதுக்காகத்தானே வந்தே.

— எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பாக்கறது?

— இருக்கறதை வச்சுக்கிட்டு.

— …சின்னதா ஆயிட்டார் எதல். தூங்கற மாதிரி இருக்கார். வாய் ஓரத்துல ஏதோ… என்னமோ கேக்க வர்ற மாதிரி.

— குனிஞ்சு கும்பிடு. ம். திரும்பி வா.

— மூடறாங்க. தூக்கறாங்க. இனிமே மேல கோபுரத்துக்குப் போறது பாடை தூக்கறவங்க மட்டுந்தான். நாம இங்க நிக்கணும். கதவு சாத்தினதும் கை தட்டுவாங்க, மூணு தட்டு. அது வரைக்கும் எவனும் முனையை விடக்கூடாது.

— நாலாம் நாள் எழுந்து நின்னு சொல்லப்போறேன் மாமா. நான் பிள்ளை இல்லை, பொய் சொன்னவன்னு. அத்தனை பேர் முன்னாலயும்.

— என்னத்தை உளர்றே நீ? நான் ஒண்ணும் கேக்கலை. பிராம்ரோஸ் மாதிரி எனக்கும் காது போயிடுச்சு.

— சொல்லாதேண்ணே.

— சொல்லுவேன். அதுவாவது என்னோடதா இருக்கட்டும். முப்பத்தஞ்சு வருஷம் உனக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கலைன்னு வெந்தேன். உனக்கு நியாயமாக் கிடைச்சதை நான் அநியாயமா எடுத்துக்கமாட்டேன். எனக்கு வேணாம்.

— நியாயமா?

— பின்னே? அவர் உங்கிட்ட ஏதோ கண்டார். என்னன்னு எனக்குத் தெரியாது. கண்டார், எடுத்துக்கிட்டார். நீயும் அதுக்கு உழைச்சே. நான்தான் தீயை அடங்க விடாம விசிறிக்கிட்டே இருந்தேன்.

— ஒண்ணு… ரெண்டு… மூணு. கேட்டுச்சா? தட்டியாச்சு. எல்லாரும் விடறாங்க பாரு. விடுங்கப்பா, கையைக் கழுவிட்டுப் பிரார்த்தனைக்கு நிக்கணும்.

— விடு எதல். முடிஞ்சுது.

— இருண்ணே.

— விடுடா. எல்லாரும் பாக்கறாங்க.

— விடறேன். விட்டப்புறம் சொல்ல எனக்குத் தைரியம் வராது. நான் தியாகி இல்லை. அன்னிக்கு நீ கூடையைக் கொட்டப் போனப்ப அவர் ஷெட்டுச் சுவத்துக்கிட்ட போய் நின்னார். 'இந்தக் கப்பல் பேரை இங்கிலீஷ்ல எழுதினது யாருடா?'ன்னு கேட்டார். உன்னைக் காட்டத்தான் கையைத் தூக்கினேன். வாய் 'நான்'னு சொல்லிடுச்சு.